எட்டுச் சர்க்கரையும் ஓர் ஊசியும்

வளைகாப்பன்று காலையிலும் மாமியார் கலக்கிக் கொடுத்த பொடியை ஐஸ்வர்யா மடக்மடக்கென்று குடித்தாள். குடித்த கையோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அந்தப் பொடிக்கும் சேர்த்து ஒரு யூனிட் கூடுதலாக இன்சுலின் போட்டுக்கொண்டாள். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக் கொடுக்கிற பொடி அது. அதைக் குடித்தால் ஏறுகிற சர்க்கரையை இறக்க ஊசி வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும். இரண்டையும் அடக்கிக்கொண்டு முகம் கழுவி வெளியே வருவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த நோய். உடம்பு இன்சுலின் சுரப்பதையே அடியோடு நிறுத்திவிட்ட வகை. மாத்திரைக்கெல்லாம் மசியாது, களிக்கும் கூழுக்கும் மசியாது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஓர் ஊசி, படுக்கப் போகும்போது ஓர் ஊசி என்று தினமும் நான்கு போட்டாக வேண்டும். மொரப்பூரில் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவள் அப்பா இதைக் கூடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். வந்த உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது மாப்பிள்ளையின் அம்மா கோவிந்தம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஊசி போட்டா என்னாங்க? எங்க வூட்ல மாட்டுக்கே ஊசி போடறோம். புள்ள மொகத்தப் பாருங்க, லட்சணமா இருக்குது."

மாட்டோடு சேர்த்துச் சொன்னதில் நிர்மலாவுக்கு, அதாவது ஐஸ்வர்யாவின் அம்மாவுக்கு, மனசு சுருக்கென்றது. ஐஸ்வர்யாவுக்கோ அந்த நிமிஷமே இந்த மாமியாரைப் பிடித்துப்போனது. அந்தப் பிடிப்பு இன்றைக்கும் விட்டுப்போகவில்லை என்பதுதான் சங்கடம்.

எல்லாம் போன வருஷம் அதியமான்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்தது. யாரோ கூப்பிட்டார்கள் என்று கோவிந்தம்மாள் ஒரு கூட்டத்துக்குப் போனாள். மேடையில் டை கட்டிக்கொண்டு பிரபாகர் என்பவன் மைக்கைப் பிடித்து வெளுத்து வாங்கினான். செடிகொடியிலிருந்து எடுத்த எட்டுச் சர்க்கரை இருக்கிறதாம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலும் இந்தச் சர்க்கரைகள் படர்ந்திருக்கின்றனவாம். செல்லும் செல்லும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பேசிக்கொள்வது இவற்றால்தானாம். நாம் தின்கிற சோற்றில் இரண்டு சர்க்கரைதான் இருக்கிறது, மீதி ஆறு இல்லை, அதனால் செல்கள் ஊமையாகிவிட்டன, ஊமைச் செல்தான் எல்லா நோய்க்கும் காரணம் என்றான். எட்டையும் டப்பாவில் அடைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

முழுப் பொய்யாக இருந்தால் ஊதித் தள்ளிவிடலாம். இது பாதி உண்மை. ஐஸ்வர்யா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டாள். செல்லின் மேல் சர்க்கரை இருப்பது நிஜம்தான், அடையாளம் காண்பதும் நிஜம்தான் என்றார் அவர். ஆனால் அந்தச் சர்க்கரைகளை டப்பாவில் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை, களியோ சோறோ கீரையோ எது உள்ளே போனாலும் அதிலிருந்து வேண்டியதை உடம்பே செய்துகொள்ளும் என்றார். கேட்டுவந்து புருஷன் குருவிடம் சொன்னாள்.

குரு நெடுஞ்சாலையோரம் டயர் கடை வைத்திருக்கிறவன். லாரி டிரைவர்களிடம் தொண்டை கிழியக் கத்துவான், அம்மாவிடம் மட்டும் சத்தமே வராது.

"பொடிதான? குடிச்சுட்டுப் போயேன் ஐஸு. அம்மா மனசு நோகாம இருக்கட்டும்."

கோவிந்தம்மாளின் மனசில் என்ன இருந்தது என்பது ஐஸ்வர்யாவுக்கும் தெரியும். முப்பது வருஷம் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிய கை அது. குருவின் அம்மா, இன்னாரின் பெண்டாட்டி, கிழங்குக்காரம்மா என்றுதான் ஊர் கூப்பிட்டது. பிரபாகர்தான் முதல் முறையாக அவளை 'கோவிந்தம்மாள் மேடம்' என்று மைக்கில் கூப்பிட்டான், மேடை ஏற்றினான், பொடி விற்கிற பொறுப்பைக் கொடுத்துச் சேலையில் ஒரு பேட்ஜ் குத்தினான். அன்று ராத்திரி அவள் அந்த பேட்ஜைக் கழற்றாமலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்த மரியாதையை யார்தான் உதறுவார்கள்?

அதனால் ஐஸ்வர்யா பொடியைக் குடித்தாள். கொஞ்ச நாளில் மாமியார் அடுத்த அடி எடுத்து வைத்தாள்.

"பொடிதான் வேல செய்யுதே. அப்பறம் எதுக்குக் கண்ணு ஒடம்பத் தொள போட்டுக்கற? வவுத்துல புள்ள வேற. வுட்ரு."

"சரிங்க அத்தை" என்றாள் ஐஸ்வர்யா. வாதாட அலுப்பாக இருந்தது, மசக்கை வேறு. அந்த ஒரு 'சரிங்க அத்தை'தான் வினையாகிப்போனது. அன்றிலிருந்து ஊசி குளியலறைக்குக் குடிபோனது. ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாசா மாசம் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. குழந்தை நன்றாக வளர்ந்தது. ஊசி செய்த வேலைக்கெல்லாம் பொடி பெயர் வாங்கிக்கொண்டது. பொய் சொல்ல வேண்டும் என்று கோவிந்தம்மாள் நினைக்கவேயில்லை. கண்ணால் கண்டதைத்தான் ஊரெல்லாம் சொன்னாள். அதுதான் கொடுமை.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மொரப்பூரிலிருந்து நிர்மலா ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வேன் பிடித்து வந்திருந்தாள். முதலில் வேப்பிலை வளையம், பிறகு கண்ணாடி வளையல் என்று இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நிறைந்துவிட்டது. கன்னத்தில் சந்தனம் காய்ந்து இழுத்தது. ஐஸ்வர்யா மணைமேல் உட்கார்ந்தபடி பார்த்தபோது, உறவுக்காரப் பெண்களுக்குச் சரிபாதியாக அவளுக்குத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். எல்லோரும் மாமியாரிடம் பொடி வாங்குகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு பிரபாகர் உட்கார்ந்திருந்தான். பெண்கள் விசேஷத்தில் இவனுக்கு என்ன வேலை என்று நிர்மலா மகளின் காதில் முணுமுணுத்தாள்.

என்ன வேலை என்று அவனே எழுந்து வந்து சொன்னான்.

"சிஸ்டர், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன வீடியோ. 'ஊசிய வுட்டுட்டேன், எட்டுச் சர்க்கரையில நானும் என் குழந்தையும் நல்லா இருக்கோம்'னு ரெண்டே வரி. நம்ம குரூப்ல போடணும். உங்க அத்தைக்கு அடுத்த பேட்ஜ் கன்ஃபார்ம்."

கோவிந்தம்மாள் பக்கத்தில் நின்றாள். முகம் பூரித்துப்போயிருந்தது. "சும்மா கூச்சப்படாத சொல்லு கண்ணு" என்றாள்.

ஐஸ்வர்யா குருவைத் தேடினாள். அவன் பந்தல் கால் பக்கம் நின்றுகொண்டு, கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். கொஞ்சம் விட்டுக்கொடு என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவன் அதிகம் பேசிய பாஷை அதுதான்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று இழுத்தாள். பிரபாகர் போனைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஒடிசலான உடம்பு, கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. தன் பெயர் மாதம்மாள் என்றாள். ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிற கடையில் வேலை, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். சந்தனத்தைத் தொட்டு ஐஸ்வர்யாவின் கன்னத்தில் பூசிவிட்டு அப்படியே குனிந்து கேட்டாள்.

"கண்ணு, உன்னப் பாக்கத்தான் வந்தன். இது எம் புள்ள, காவேரி. இவளுக்கும் உனக்கு மாதிரியேதான். ரெண்டு வருசமா ஊசி. எங்க வூட்ல பிரிட்ஜ் இல்ல, மண்பானையில மணலும் தண்ணியும் போட்டு அதுக்குள்ளதான் மருந்து பாட்டலு வெச்சிக்கறன். தெனமும் இவ அழுவறதும் நான் புடிச்சிக்கினு குத்தறதும். உங்க அத்தம்மா சொன்னாங்க, நீ வுட்டுட்டியாம்."

ஐஸ்வர்யா குழந்தையைப் பார்த்தாள். எட்டு வயதிருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இடுப்பில் தொங்கிய பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னும் தண்ணி" என்றது.

"காலையில ஊசி போட்டீங்களாக்கா?"

"போடல கண்ணு. பொடிதான் குடுத்தன். உன்ன நேர்ல பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டா மனசு அடங்கிரும்னு வந்தன். நீ 'ஆமா'ன்னு சொல்லிரு. இதோட அந்த பாட்டலத் தூக்கிப் போட்டுர்றன்."

தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது ஐஸ்வர்யாவுக்கு. இத்தனை நாள் பொடியைப் பொறுத்துப்போனது மாமியார் ஒருத்திக்காக என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தாழ் போட்ட குளியலறைக்குள் நடந்தது தன்னோடு போயிற்று என்று நினைத்தாள். அது மூன்று பஸ் மாறி ஒரு குழந்தையின் கைவரைக்கும் வந்திருக்கிறது. இரண்டு நாள் ஊசி இல்லாவிட்டால் இந்தக் குழந்தை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நோய் வந்த புதிதில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவள் அவள். அவளுக்கு அழுகை வரவில்லை. மாமியார் மேல், பிரபாகர் மேல், குரு மேல், எல்லோரையும் விடத் தன் மேல், கோபம் கோபமாக வந்தது.

"அம்மா, என் கைப்பையக் குடு" என்றாள் நிர்மலாவிடம்.

நிர்மலாவுக்குப் புரிந்துவிட்டது. "இங்கயா? உள்ள போயி போட்டுக்கலாம் வாடி. இவ்ளோ பேரு இருக்காங்க."

"இவ்ளோ பேரு இருக்கறதாலதாம்மா. குடு."

பையிலிருந்து பேனா ஊசியை எடுத்தாள். மூடியைத் திருகினாள். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சலசலத்ததில் கூட்டம் தானாகவே திரும்பியது. பிரபாகர் போனைத் தூக்கியிருந்தான். என்ன எடுக்கிறாள் என்று தெரிந்ததும் மெல்லக் கீழே இறக்கினான்.

"எடுங்க சார். வீடியோதான கேட்டீங்க? நிறுத்தாதீங்க" என்றாள் ஐஸ்வர்யா.

சாப்பாட்டுக்கு வேண்டிய யூனிட்டைத் திருகி வைத்தாள். பட்டுச்சேலையின் முந்தானையைத் தள்ளி, ரவிக்கைக் கைக்கும் வளையல் வரிசைக்கும் நடுவே மேல்கையில் ஊசியைக் குத்தி, பொத்தானை அழுத்திக்கொண்டு நிதானமாக எண்ணினாள். யாரோ ஒரு பாட்டி "ஐயோ, நல்ல நாள் அதுவுமா" என்றாள். குழந்தை காவேரி மட்டும் அம்மாவின் கையை உதறிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தது.

"நீயும் போட்டுக்கறியாக்கா?"

"ஆமா பாப்பா. தெனமும்."

அப்புறம் அவள் தலையை நிமிர்த்திச் சத்தமாகப் பேசினாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் ஊசிய வுடல. ஒரு நாள்கூட வுடல. பொடியக் குடிச்சேன், அந்தப் பொடிக்கும் சேத்து ஊசி போட்டேன். ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சுன்னா அது ஊசியால வந்துது. செல்லு மேல சர்க்கரை இருக்குதுன்னு இவரு சொல்றது நெசந்தான். அத ஒடம்பே செஞ்சுக்கும். நீங்க திங்கற களியும் கீரையுமே அதுக்குப் போதும். ஆனா எனக்கும் இந்தப் புள்ளைக்கும் சர்க்கரை செல்லுக்குள்ளயே போவாது. ரத்தத்துலயே நிக்கும். அத உள்ள வுடறது இன்சுலின். அது இல்லன்னா எட்டுச் சர்க்கரை என்னா, எண்பது சர்க்கரை கரைச்சுக் குடிச்சாலும் நாங்க செத்துருவோம்."

பிரபாகர்தான் முதலில் தேறினான்.

"சிஸ்டர் கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க. கர்ப்ப காலத்துல இது சகஜம். நாங்க யாரையும் மருந்த நிறுத்துங்கன்னு சொல்றதே இல்ல. அவங்கவங்க விருப்பம்."

"ஏங்க, மேடையில சொன்னீங்களே!" பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "ஊசியெல்லாம் அடிமைத்தனம்னு சொன்னது நீங்கதான? எங்க வூட்டுக்காரரு மாத்திரைய வுட்டு ஒரு மாசமாவுது."

"எங்கண்ணனும்தான்" என்றாள் இன்னொருத்தி.

பிரபாகருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. வந்ததாக அவன் சொன்னான். பேசிக்கொண்டே காரை நோக்கிப் போனவன் திரும்பி வரவில்லை.

கோவிந்தம்மாள் அசையாமல் நின்றாள். பூரிப்பு போன இடத்தில் முகம் கருத்துக் கிடந்தது. குரு ஓடிவந்தான்.

"என்னா ஐஸு இது? அம்மா மானத்த இப்பிடியா வாங்கறது? ஒரு வார்த்த, மன்னிச்சிருங்கன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஐஸு."

"இவ்ளோ நேரம் கையத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுனியே, அப்பவே நீ வந்து பேசியிருக்கணும். நீ பேசல, நான் பேசிட்டேன். தள்ளு, எனக்குச் சாப்புடணும்."

அங்கேதான் சிக்கல் வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி முதல் கவளத்தை மாமியார் ஊட்ட வேண்டும். அவள் ஊட்டாமல் பெற்ற தாய்கூடத் தட்டைத் தொடக் கூடாது. இது கோவிந்தம்மாளுக்குத் தெரியும், பந்தலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் ஊட்ட மாட்டன். என்ன ஊரு முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்டா. யாரும் தட்டத் தொடாதீங்க."

நிர்மலா புளிச்சோற்றுப் பாத்திரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். சம்பந்தி வீட்டு வழக்கத்தை மீறினால் மகளின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்ற பயம். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஊசி உள்ளே போய்விட்டது, இனி சோறு போயாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவாள் என்பது அந்தப் பெண்களில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நிர்மலாவுக்குத் தெரியும், ஐஸ்வர்யாவுக்குத் தெரியும், காவேரியின் அம்மாவுக்குத் தெரியும்.

"அத்தம்மா, ஊசி போட்டா ஒடனே சாப்புடணுங்க" என்றாள் மாதம்மாள் பதறிப்போய். "கோவத்த அப்பறம் பாத்துக்கலாங்க. ரெண்டு உசுருங்க."

கோவிந்தம்மாளின் கட்டிய கை கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் அவிழவில்லை. அத்தனை பேர் முன்னால் எப்படி அவிழும்?

ஐஸ்வர்யா காத்திருக்கவில்லை. மணையிலிருந்தபடியே எட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். புளிச்சோற்றில் கையை விட்டுப் பிசைந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள். வளைகாப்புப் பெண் தன் கையால் தானே சாப்பிடுவதை அந்த ஊர் பார்த்ததில்லை. இரண்டாவது கவளம். மூன்றாவது. ஒவ்வொரு வாய்க்கும் வளையல் ஏறி இறங்கிச் சத்தம் போட்டது. அவள் யாரிடமும் மறைக்காமல், யாருக்கும் கூசாமல், பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டாள்.

நான்காவது கவளத்தில் நிறுத்தி மாதம்மாளைப் பார்த்தாள். "பாப்பா மருந்து வூட்லயா இருக்குது? எங்க வூட்டுக்காரரு கார்ல கூட்டிக்கிட்டுப் போயி வுடட்டும், ஒடனே போடணும்."

மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்பையைத் திறந்து ஒரு தூக்குவாளியை எடுத்தாள். உள்ளே ஈரத்துணி, துணிக்குள் மருந்து பாட்டில்.

"தூக்கிப் போட மனசு வரல கண்ணு. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தன்."

"நல்லதாப் போச்சு. மொதல்ல சர்க்கரை எவ்ளோன்னு என் மெஷின்ல பாருங்க. அப்பறம் டாக்டரு சொன்ன அளவு போடுங்க. போட்டுட்டு இவரு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவாரு, ஒருவாட்டி காட்டிரலாம்." குருவிடம் திரும்பினாள். "சாவி எடு."

குரு அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு சாவியை எடுக்க உள்ளே போனான். கடை திறந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

மாதம்மாள் பந்தலிலேயே கால் மடக்கி உட்கார்ந்து, அத்தனை பெண்களும் பார்க்க, மெஷினில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு மருந்தை ஊசியில் ஏற்றினாள். காவேரி அழுவதற்கு வாயைக் கோணியது. ஐஸ்வர்யாவின் மேல்கையைப் பார்த்தது. அழவில்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி செல்போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், "மாமா, மாத்திரைய எங்க வெச்ச? இல்ல, இப்பவே டாக்டரப் போயி பாரு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மாதம்மாளையும் காவேரியையும் ஏற்றிக்கொண்டு குருவின் கார் போனதும் கூட்டம் கலைந்தது. சிலர் சாப்பிட்டார்கள், சிலர் சாப்பிடாமலே போனார்கள். ஐந்து வகைச் சோறும் பாதிக்கு மேல் மிஞ்சியது. நிர்மலா அழுதுகொண்டே பாத்திரங்களை அடுக்கினாள். ஐஸ்வர்யா கை கழுவிவிட்டு வந்தபோது கோவிந்தம்மாள் பந்தலில் தனியாக, பிரபாகர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலையில் பேட்ஜ் அப்படியே இருந்தது.

"நான் யாரையும் ஏமாத்தல" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமலே. "நீ வுட்டுட்டன்னு நெசமாவே நம்புனன்."

"தெரியுங்க அத்தை."

"அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

ஐஸ்வர்யா ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்த 'பரவால்லீங்க அத்தை'யை அவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். இனி இந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்வதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கோவிந்தம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எங்க வெச்சுப் போட்டுக்கிட்டிருந்த, இத்தன மாசமா?"

"குளியலறையில. தாழ் போட்டுக்கிட்டு."

"இனிமே?"

"கூடத்துல" என்றாள் ஐஸ்வர்யா.